ஒத்த மூச்சுச் சுற்று

நீங்கள் ராப் கேட்பதில்லை என்றீர்கள் சார். அதில் தவறில்லை, என் அப்பாவும் கேட்பதில்லை. ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு குழுக்களிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

மதுரைக்குள் நாங்கள், 'நாலு மாசி'. மேலூரில் அவர்கள், 'கருங்கல்'. எது பெரியது என்ற சண்டை ஆனையூர் டீக்கடையில் தொடங்கிக் கல்லூரி விடுதிகள் வரை ஓயாது. எங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இப்போது சொந்தமாகக் குழு வைத்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்களைப் போலப் பாடுவார்கள், மீதிப் பேர் அவர்களைப் போல. நாலு மாசிக்கு பீட் போடுவதும் முன்னால் நின்று பாடுவதும் நான்தான். எங்கள் பாட்டு ஓர் ஆட்டோவில் ஒலித்தால், கோரிப்பாளையம் சிக்னலில் பைக்கில் நிற்கிறவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். கருங்கல்லுக்கு அந்தத் துள்ளல் வராது. அவர்களிடம் இருந்தது சோணைமுத்து மட்டும்தான்.

அவன் குவாரியில் கல்லுடைத்தவரின் மகன். என்னை முதலில் 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவான். என் தங்கை வர்ஷினியை அவனுக்குப் பேசி முடித்த பிறகு 'மச்சான்' என்று மாற்றிக்கொண்டான். நான் எதிர்ப்பேன் என்று வீட்டில் நினைத்தார்கள். அம்மாவிடம் அவனுக்காகப் பேசியதே நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருநாள் காலையில் வர்ஷினி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"உண்மையச் சொல்லு. நாங்களா, அவுகளா?"

"வேணாம்ணே. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ."

"சும்மா சொல்லு."

"உங்க பாட்டுக்கு ஆடலாம்ணே. அவுக பாட்டுக்கு ஆட முடியாது. நின்னு கேக்கத்தான் முடியும்."

அம்மா சிரித்துவிட்டு, "கல்யாணத்துக்கு முந்தியே கட்சி மாறிட்டாளே" என்றாள். நானும் சிரித்தேன். என் தோசையை மட்டும் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்றைக்கே அவள் இன்னொன்றும் சொன்னாள். சோணைமுத்துவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, குவாரித் தூசியால் வந்தது. மேடை ஏறும் முன் ஒதுங்கி நின்று இன்ஹேலர் இழுத்துக்கொள்வான், யாருக்கும் தெரியாது. "நீ பக்கத்துல இருக்கப் போறவன். பாத்துக்கண்ணே" என்றாள். நான் தலையாட்டினேன்.

இரண்டு குழுவையும் ஒரே மேடையில் ஏற்றுவதாக அடுத்த மாதம் ஒரு நிகழ்ச்சி அமைந்தது. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை சுற்றுப் பாடினாலும் முடிவு வராவிட்டால், கடைசியில் ஒத்த மூச்சு. குழுவுக்கு ஒருவர், இடையில் மூச்சு எடுக்காமல் பாட வேண்டும். எடுத்தால் தோல்வி. இந்த முறை நேராக ஒத்த மூச்சிலேயே முடிவு செய்யலாம் என்று நான் சொன்னேன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

நான் முதலில் பாடி முடித்துவிட்டு ஓரமாக வந்தேன். நன்றாகத்தான் பாடினேன் சார், கூட்டம் ஆடியது. சோணைமுத்து கையில் இன்ஹேலரோடு திரை மறைவுக்குப் போகப் பார்த்தான். அதற்குள் அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொல்லிவிட்டார். அவன் தயங்கினான்.

"போ, போ, கூப்பிடுறாக. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"மச்சான், அப்ப இத வச்சுக்க. எறங்குன ஒடனே குடு."

நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். நான் மருந்து இல்லாமல் பாடினேன். அவனும் அப்படிப் பாடினால்தானே ஒப்பீடு சரியாக இருக்கும். புகை மெஷின்காரரிடம், நல்லாப் போடுங்கண்ணே, மாப்பிள்ளை பாடுறாரு என்றதும் நான்தான். மேடை அழகாக இருக்கட்டும் என்று சொன்னேன்.

அவன் தன் அப்பாவைப் பற்றிப் பாடினான். கூட்டம் ஆடவில்லை. நின்று கேட்டது. கடைசி வரி இது: 'எங்கப்பன் இருமுனா தூசி பறக்கும், அந்தத் தூசியில உங்க வீட்டுப் படி இருக்கும்.' அந்த இடத்தில்தான் அவன் முட்டி மடங்கியது. அது நடிப்பென்று நினைத்து விசில் அடித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் தூக்கி வந்தோம். அவன் என் சட்டையைத்தான் பார்த்தான். பேச வரவில்லை. கூட்டத்தில் நின்றிருந்த வர்ஷினி ஓடிவந்து அவன் பையைத் தரையில் கொட்டித் தேடினாள். "அண்ணே, ஒங்கிட்டக் குடுத்தாகளா?" என்றாள். நான் இல்லை என்று சொல்லிவிட்டு அவளோடு குனிந்து தேடினேன். பிறகு மெடிக்கலில் வாங்கி வரச் சொல்லி அவளை அனுப்பினேன்.

கொல்ல நினைக்கவில்லை சார். வெளியே கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அடங்கியதும் எடுத்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன். அது அடங்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் அம்மா இருளாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துலதான்யா இருந்த, கடேசியா எதாச்சும் கேட்டானா?" என்றார். இல்லம்மா என்றேன். அந்தக் கையை இன்னும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என் சட்டையைத் துவைக்க எடுத்தபோது வர்ஷினிக்கு அது கிடைத்தது. அவள் கத்தவில்லை. இன்ஹேலரை மேசையில், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "கெளம்பு" என்றாள். இங்கே ஸ்டேஷன் வாசல் வரை ஸ்கூட்டியில் அவள்தான் கொண்டுவந்து விட்டாள். வழி முழுக்க அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதைவிட வெட்கமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

எல்லாம் நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஓர் உதவி. நீங்கள் எடுத்து வைத்திருக்கிற என் போனில் அந்தப் பாட்டு பதிவாகியிருக்கிறது. கடைசி வரிக்கு முன்னால் அவன் மூச்சு எடுத்துவிட்டான் என்று எனக்குக் கேட்கிறது. இல்லை, ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் விழுந்தார் என்கிறாள் வர்ஷினி. நீங்கள் இரண்டு குழுவுக்கும் பொதுவான ஆள். ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் சார்.