வலமிருந்து வகுத்தல்

தேநீரில் சர்க்கரை குறைவாக இருக்கிறது, ஐயா. அரசாங்க அலுவலகத்தில் எல்லாமே அப்படித்தான். பரவாயில்லை, குடிக்கிறேன். நீங்கள் கேட்டதை வரிசையாகவே சொல்கிறேன். எனக்கு வரிசை முக்கியம்.

என் பெயர் வஜ்தி. இங்கே எகிப்தில், தன்தா நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் கணினிப் பொறுப்பாளன். மருந்தின் அளவு பார்க்க அங்கே ஒரு சின்ன நிரல் எழுதிக்கொடுத்தேன். திரையில் ஒரு கட்டம். அதில் கணக்கைத் தட்டினால் கீழே விடை வரும். அவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். 'இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு' என்பது கணினிக்கு வெறும் எழுத்து. பெருக்கலை முதலில் பார், அடைப்புக்குறியை அதற்கும் முதலில் பார் என்று அதற்குப் பாடம் நடத்தியவன் நான். தொடக்க நாளில் ஆடு அறுத்தார்கள். தலைமைச் செவிலி இன்ஷிராஹ் அம்மாள் ரத்தத்தில் கையை நனைத்து, கணினியின் முதுகில் ஐந்து விரலையும் பதித்தார். கண் படக்கூடாதாம். கண் படும் அளவுக்கு அதில் ஏதோ இருக்கிறது என்று அவருக்காவது புரிந்தது.

அப்புறம்தான் மருந்தாளர் டாக்டர் ஷஹீரா வந்து சேர்ந்தார். எங்கள் பள்ளிகளில் கணக்கும் அரபு எழுத்தைப் போல வலமிருந்து இடமாகத்தான் ஓடும். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்களுக்கு இடமிருந்து வலம். என் கட்டம் பள்ளிக்கூட வழி. 'இருபதை நூறால் வகு' என்று அவர் தட்டினால் இருபது வலப்பக்கம் போய் நிற்கும். அவர் கண்ணுக்கு நூறை இருபதால் வகுப்பதுபோல் தெரியும். விடை என்னவோ சரியாகத்தான் வரும். இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் ஃபூல் என்கிற அவித்த மொச்சைத் தட்டோடு உட்கார்ந்திருந்த உணவுக்கூடத்தில் சொன்னார்.

"பாஷ்முஹந்திஸ், உங்க புரோகிராம் கழுதை மேல திரும்பி உக்காந்து சவாரி போகுது. வாலைப் புடிச்சுக்கிட்டு ஊருக்கு வழி சொல்லுது."

சிரித்தார்கள். இன்ஷிராஹ் அம்மாளும் சிரித்தார். மறுநாள் வாசல் காவலாளி கேட்டான், "என்ன பாஷ்முஹந்திஸ், இன்னிக்கு முன்பக்கமா வர்றீங்களா, பின்பக்கமா?" பொறியாளனுக்குரிய மரியாதைப் பெயரை விட்டுவிடாமல் சேர்த்துக்கொண்டான் பாருங்கள், அதுதான் எரிச்சல். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அவ சொன்னதுல என்ன தப்பு?" என்றாள்.

நான் கோபக்காரன் அல்ல, ஐயா. ஷஹீரா கேட்டபடியே அவருக்குக் கட்டத்தை இடமிருந்து வலமாக மாற்றிக்கொடுத்தேன். அவர் பத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. "இப்பதான் கழுதை நேரா நிக்குது" என்றார்.

ரமலான் வந்தது. நிரலில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். ஷஹீராவின் பெயரில் திறந்தால் மட்டும், நோன்பு திறப்பதற்கு முந்தைய அரைமணியில் மட்டும், திரை இடமிருந்து வலமாகக் காட்டும். உள்ளே நிரல் அதையே வலமிருந்து வகுக்கும். அந்த அரைமணியில் ஊரில் எவருக்கும் மூளை ஓடாது, எல்லார் காதும் நோன்பு திறக்க வெடிக்கும் பீரங்கிச் சத்தத்துக்குக் காத்திருக்கும். அவர் தப்பான அளவைச் சொல்வார், இன்ஷிராஹ் அம்மாள் பிடித்துவிடுவார், நாலு பேர் சிரிப்பார்கள். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். நியாயமான ஆசை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அன்று வந்த குழந்தை ஜுவைரியா. மருத்துவமனை வாசலில் கரும்புச் சாறு விற்கும் ஷஅபானின் மகள், மூன்று வயது. வலிப்பு. மருந்துப் புட்டியில் ஒரு மில்லிக்கு நூறு மில்லிகிராம், குழந்தைக்கு வேண்டியது இருபது. ஷஹீரா இருபதை நூறால் வகுக்கத் தட்டினார். ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு வரவேண்டிய இடத்தில் ஐந்து மில்லி வந்தது.

இன்ஷிராஹ் அம்மாள் ஊசியோடு நின்றார். "டாக்டரம்மா, அஞ்சா? இந்தப் பொடிசுக்கா?"

ஷஹீரா திரையைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. நான் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பினார்.

"பாஷ்முஹந்திஸ், நீங்களே சொல்லுங்க. இது சரிதானே?"

அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் அப்படி என்னைக் கேட்கவேண்டும் என்று எத்தனை மாதம் காத்திருந்தேன் தெரியுமா. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊசி தட்டுக்குத் திரும்பியிருக்கும். ஆனால் கேட்டவிதம் அவ்வளவு அழகாக இருந்தது.

"மெஷினுக்கு நோன்பு இல்லையே, டாக்டர். அது தடுமாறாது" என்றேன்.

பீரங்கி வெடித்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் குழந்தையின் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஷஅபான் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் ஒருநாளும் சாற்றுக்குக் காசு வாங்காத மனிதர்.

"உங்க மெஷினுக்கு எல்லாம் தெரியுமாமே. எம் பொண்ணு பொழச்சுக்குவாளான்னு அதைக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்று அழுதார். நான் அரைமணி முடிந்துவிட்டதா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முடிந்திருந்தது. இனி யார் சோதித்தாலும் விடை சரியாக வரும்.

குழந்தை இறந்ததற்கு ஷஹீராவை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. பின் ஏன் நானாக வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. நேற்று நீதிமன்றத்தில் ஷஹீராவின் வக்கீல் எழுந்து, நிரலில் பிழை இருந்திருக்கலாம் என்றார். கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. பிழை என்ற அந்தச் சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். என் நிரலில் பிழையே இல்லை. நான் சொன்னதைத்தான் அது செய்தது.