புல்லுக்குக் காவல்

எனக்குத் தேநீரில் சீனி வேண்டாம், ஐயா. சீனி வருத்தம் வந்து ஒன்பது வருஷம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதனால் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

தம்பலகாமத்து வயலை விற்றுத்தான் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் அந்த வீட்டைக் கட்டினேன், வாடகைக்கு விடுவதற்கென்றே. பின்பக்கம் ஒற்றை அறையில் நான். முன்வீட்டில் இக்ராம், துறைமுக வேலைக்கு வந்த கொழும்புப் பொறியியலாளர். அவர் வீட்டைப் பார்த்து வரவில்லை. புரோக்கர் போனில் காட்டிய படத்தைப் பார்த்து வந்தார். படத்தில் முற்றம் முழுக்கப் பச்சைப் புல், கரையில் செவ்வரத்தை. படம் எடுத்த அந்தக் கிழமை மட்டும்தான் முற்றம் அப்படி இருந்தது.

வீடு கட்டுகிறவன் சீமெந்துக்கும் ஓட்டுக்கும் கணக்குப் போடுவான். புல்லுக்குப் போடமாட்டான். செம்மண் ஏற்ற வேண்டும், புல் வாங்கிப் பதிக்க வேண்டும், அந்த வெயிலுக்கு இரண்டு நேரம் தண்ணீர் விட வேண்டும். இவ்வளவும் செய்தால் மான் வரும். திருகோணமலை மானைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாடு மாதிரித் தெருவில் படுத்திருக்கும், வெளியூர்க்காரர் பக்கத்தில் நின்று படம் பிடிப்பார்கள். செவ்வரத்தையை மூன்று தரம் நட்டோம். மூன்று தரமும் குச்சிதான் மிஞ்சியது.

இக்ராம் மரியாதையான மனிதர். “ஐயா, குறை நினைக்காதீங்க. நான் வாடகை தாறது இந்தக் கட்டாந்தரைக்கு இல்ல. மாச முடிவுக்குள்ள சரிவராட்டி வேற இடம் பாத்திருவன்” என்றார். அவர் போனால் அந்த வாடகைக்கு இன்னொரு ஆள் வராது. என் சோறும் மருந்தும் அதில்தான்.

மதிலை உயர்த்தினேன். பலகையில் உயரமான கேற் போட்டேன். பிறகும் புல் போனது.

தோட்ட வேலைக்குச் சல்லிக் கிராமத்திலிருந்து புஸ்பராணி வருவாள். ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லாதவள். ஒரு காலை சன்னலால் பார்த்தேன். கேற்றை அகலத் திறந்துவிட்டு, தெருவைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினாள். ஒரு நொண்டி மான் உள்ளே வந்தது. பின்னால் இன்னும் நான்கு.

கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

“கால் ஏலாத சீவன், ஐயா. லொறிக்காரன் அடிச்சுப்போட்டுப் போனது. ரெண்டு வாய் தின்னட்டுமே.”

“நான் நட்டதையோ?”

“நடுறது நானெல்லோ. உங்கட கையில எப்ப மண் பட்டது?” என்று சிரித்தாள். “புல்லு திரும்ப முளைக்கும். நீங்கள்தான் முளைக்கமாட்டியள். கொஞ்சம் புண்ணியம் சேருங்கோ.”

அவளை நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். வேலையால் நிறுத்தினால் மான் வராமல் விடுமா? அவளுக்குக் கேற்றைத் திறக்கத் தெரியும். போகிற வழியில் திறந்துவிட்டுப் போவாள். அடுத்து வருகிறவள் மட்டும் திறக்கமாட்டாள் என்று யார் சொன்னது? நான் ஆட்களை நம்புவதில்லை.

வயல் செய்த காலத்தில் பன்றிக்குக் கம்பி கட்டிக் கரண்ட் கொடுத்திருக்கிறேன். எங்கள் பக்கம் சிலர் செய்கிற வேலைதான். பழைய கம்பி என்னிடம் கிடந்தது. சுவிட்சை என் அறைக்குள் வைத்தேன். இக்ராம் வெள்ளி பின்னேரம் கொழும்புக்குப் போய்த் திங்கள்தான் வருவார். அதனால் சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்தேன். குடியிருக்கிறவருக்கு ஏதும் ஆகிவிடக்கூடாது, பாருங்கள்.

ஆறரை மணி, நல்ல வெளிச்சம். புஸ்பராணி ஏற்றத்தில் வருவது தெரிந்தது. கையில் பாண் துண்டு. பத்தடி பின்னால் அந்த நொண்டி மான். அவள் திரும்பி அதனோடு ஏதோ கதைத்தாள். கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருந்தது. சுவிட்சை அணைக்கவும் நேரம் இருந்தது. வழக்கம்போலக் கேற்றுக்கு மேலால் கையை விட்டாள்.

சத்தம் வரவில்லை. மான்தான் துள்ளி ஓடியது. நான் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் அணைத்தேன். அரைகுறையாக விட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் என் தலையில் விழும்.

மானுக்குக் கட்டிய கம்பியில் மனிசி தவறுதலாக அகப்பட்டாள் என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிடுங்கள். பன்றிக்கென்றால் முழங்காலுக்குக் கீழே கட்டுவோம். மானுக்கென்றாலும் அப்படித்தான் கட்டியிருப்பேன். நான் கட்டியது உட்பக்கத்துத் தாழ்ப்பாளில். அதை எந்த மானும் தொடாது. அவள்தான் தொடுவாள்.

மானைக் கொன்றால் வழக்கு என்று எனக்குத் தெரியும், ஐயா. அந்த நொண்டிக்கும் ஒரு கீறல் இல்லை. சட்டத்துக்குப் பயந்தவன் நான்.