நன்றி சொல்லும் வரிசை

ஒப்பனை செய்பவர்களுக்கு முதுகுவலி சீக்கிரமே வந்துவிடும். நாற்காலியில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். குனிய வேண்டியது நாம்தான். நான் பதினாறு வருஷம் குனிந்தேன். அதில் பன்னிரண்டு வருஷம் ஒரே முகத்துக்கு. அது என் தங்கையின் முகம்.

நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். பேசினால் குரல் மாறிவிடும், எழுத்து மாறாது என்பதால் சம்மதித்தேன்.

வீட்டில் அவளைப் பாப்பா என்போம். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பத்தொன்பது. எனக்கு வந்த வரன்களை அவளுக்காகத் தள்ளிப்போட்டேன். கொஞ்ச காலத்தில் அவை வருவதும் நின்றுபோனது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் அவள் ஒப்பனை இல்லாமல் வருவாள். இடது புருவத்துக்கு மேல் அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக்கூட அடையாளம் தெரியாது. சினிமாச் சுவரொட்டியில் இருந்த முகம் என் பெட்டியில் இருந்தது என்று சொல்லலாம். ஒருநாள் எங்கள் போதகர் அவளிடம் சொன்னார்: "ஆண்டவர் உன்னை விலை கொடுத்து வாங்கினப்போ மூஞ்சியைப் பார்த்து வாங்கலைம்மா. அதனால மூஞ்சி போனாலும் விலை குறையாது."

பாப்பா அழுதாள். நான் அந்த வார்த்தைகளை எழுதி ஒப்பனைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். அதற்குக் கீழே சிவப்பு மையில் ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தது: ரப்பர் பால் கலந்த பசை ஆகாது.

எங்கள் தொழிலில் புதிய பொருள் எதையும் நேராக முகத்தில் வைக்க மாட்டோம். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம். ஏழு வருஷத்துக்கு முன்பு, ரப்பர் பால் கலந்த, இமைமுடி ஒட்டும் பசை ஒன்றை அப்படி வைத்ததற்கே அவளுக்கு நாக்கு தடித்து மூச்சு இழுத்தது. டாக்டர் பேனா போன்ற ஓர் ஊசி கொடுத்தார். மறுபடி அப்படி வந்தால் தொடையில் அழுத்தினால் போதும். பழசானதும் மாற்றி மாற்றி, அது எப்போதும் என் பெட்டியின் பக்கவாட்டு அறையில் இருக்கும்.

சிறந்த நடிகை விருதுக்கு நான்காவது முறையாக அவள் பெயர் பட்டியலில் வந்தது. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, புருவம் தீட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அக்கா, இந்தத் தடவையும் கிடைக்கலேன்னா நான் என்ன ஆவேன்?"

"என்ன ஆவே? வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவே."

"விளையாடாதேக்கா. மூணு தடவை அடுத்தவளுக்குக் கைதட்டிட்டு வந்தாச்சு. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்."

"பித்தளைப் பொம்மை வந்து சொன்னாத்தான் நீ யாருன்னு உனக்குத் தெரியுமாடி?"

"உனக்கென்ன, உன் மூஞ்சியை எவன் பார்க்கப்போறான்," என்று சிரித்தாள்.

கேலிக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். புருவக் கோடு கோணவில்லை.

நன்றி உரையை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஒரு வரிசை உண்டு. வெளியாட்களை முன்னால் சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் அடுத்த படம் போய்விடும். வீட்டு மனிதர்கள் கடைசி. அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எல்லோருக்கும் முன்னால், முதல் வரியில், ஆண்டவரை எழுதினேன். முக்கால் நிமிஷம்தான் தருவார்கள், பிறகு இசையைப் போட்டு மைக்கை அணைத்துவிடுவார்கள் என்றும் அவளிடம் சொல்லி வைத்தேன்.

இந்த முறை அவளுக்குக் கிடைத்தது. மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையில், கையில் பஞ்சோடு, நான் டிவியில் பார்த்தேன். தாள் அவள் கையில் இல்லை. முதல் வரியை விட்டுவிட்டாள். தயாரிப்பாளர், இயக்குநர், ஒளிப்பதிவாளர், நடனம் சொல்லிக் கொடுத்தவர். தன் நாய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்குக்கூட நன்றி சொன்னாள். பிறகு இசை வந்தது. அதன்பின் சோப்பு விளம்பரம்.

பொம்மையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "கேட்டியாக்கா?" என்றாள்.

"கேட்டேன்," என்றேன்.

அன்றிலிருந்து மூன்று நாள் உபவாசம் இருந்தேன். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், மேடம். நான் புண்பட்டது எனக்காக அல்ல. இத்தனை வருஷம் அவளைத் தாங்கி நடத்தியவரை, கூட்டத்தைக் கண்டதும் அவள் மறந்துவிட்டாள். ஓர் ஒப்பனைக்காரியை மறப்பது பெரிய விஷயமில்லை. ஆண்டவரை மறப்பது அப்படி இல்லை. முகம் குறுக்கே நிற்கும்வரை அவள் தன் விலையை உணர மாட்டாள் என்று எனக்குத் தெளிவாகப் பட்டது. மூடியில் ஒட்டியிருந்ததும் ஏறக்குறைய அதைத்தானே சொல்கிறது.

நான்காம் நாள் அந்த ரப்பர் பால் பசையை நானே கடைக்குப் போய் வாங்கினேன்.

மறுநாள் காலை, விருதோடு அவளை ஒரு பத்திரிகையின் அட்டைக்குப் படம் பிடிக்க இருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். என் முன்னால் கண்ணை மூட அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டு இமைகளிலும் பசையை வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். முதலில் அரிக்கிறது என்றாள். பிறகு உதடு தடித்தது. "ஊசிக்கா," என்றாள். பக்கவாட்டு அறையைத் திறந்து, அது காலியாக இருப்பதை அவளுக்குக் காட்டினேன்.

முகம் வீங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன், ஊசியை மறந்து வந்துவிட்டேன் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். பசை வாங்கிய அன்றே ஊசியை எடுத்து என் அலமாரியில், கைக்குட்டைகளுக்கு அடியில் வைத்தேன். நீங்கள் கண்டெடுத்த இடம் அதுதான். ஆம்புலன்ஸ் வந்தபோது அவளுக்கு மூச்சு இல்லை. அவளைக் கொன்றது நான். யாருக்கும் இதில் பங்கில்லை.

அடக்கத்துக்கு முன்பு அவள் முகத்தை நான்தான் செய்தேன். வீக்கத்தை மறைக்க இரண்டு மணிநேரம் பிடித்தது. போதகர் வந்து பார்த்து, "தூங்குற பிள்ளை மாதிரி இருக்கா," என்றார். இந்த வேலையில் அதைவிடப் பாராட்டு கிடையாது.

நேற்று நீங்கள் ஒரு வீடியோ காட்டினீர்கள். இரண்டாம் வரிசையில் இருந்த யாரோ செல்போனில் எடுத்தது. டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிய நேரத்தில் மேடையில் நடந்தது. மைக் அணைந்துவிட்டது. இசைக்கு நடுவே பாப்பா கத்திப் பேசுகிறாள்: "இந்த மூஞ்சியில என்னோடதுன்னு எதுவும் இல்லைங்க. எல்லாம் எங்க அக்கா கை. எனக்கு அம்மாவும் அவதான். அக்கா, இங்க வா." திரைப்பக்கம் திரும்பிக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒருவர் வந்து அவளை மெதுவாக அழைத்துப்போகிறார்.

வீட்டு மனிதர்கள் கடைசி. நான் சொல்லிக் கொடுத்த வரிசைதான்.

மறுபடி போடச் சொன்னேன். போட்டீர்கள். இன்னொரு முறையும் கேட்டேன். நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போட்டீர்கள். இதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே சொன்னேன், இப்போதும் எழுதுகிறேன். என் காரணம் வேறு.

அந்த வீடியோவிலும் ஆண்டவர் பெயர் எங்கேயும் இல்லை. மூன்றாவது முறை பார்த்தபோதுதான் அதைக் கவனித்தேன்.