மேரிசெல்விக்கு வந்த மெயில்

ஒரு மெயில் பெட்டியைத் திறந்து பார்க்கவே சோம்பலாக இருக்கும், சார். இரண்டை யார் பார்ப்பார்கள்? அதனால்தான் எல்லோரும் ஃபார்வர்ட் போட்டுவிடுகிறார்கள். என் தங்கை மேரிசெல்வியும் அதைத்தான் செய்தாள். நர்சிங் காலேஜில் அவளுக்கு ஒரு மெயில் ஐடி கொடுத்திருந்தார்கள். அதைப் பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். போனால் கரண்ட் இருக்காது. நான் வேலை பார்க்கும் உப்பு கம்பெனி ஆபீசில் எந்நேரமும் நெட் உண்டு.

"உன் ஐடிக்கே வர்ற மாதிரி பண்ணிட்டேன்க்கா. ஏதாவது வந்தா சொல்லு" என்றாள். பாஸ்வேர்டையும் சொல்லிவைத்தாள். அவள் பெட்டியில் எதுவும் தங்காது. எல்லாம் நேரே எனக்கு வந்துவிடும்.

சுனாமி அன்று மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன அம்மாவும் அப்பாவும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் பக்கத்தில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அவள் குளிக்கப் போனால்கூட கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்ப்பேன். பைத்தியம் என்று சிரிப்பாள்.

படிப்பு முடிந்து அவள் மனு போட்டிருந்த டில்லி ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அழித்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. மறுபடியும் எழுதிக் கேட்டார்கள். அவள் ஐடியில் போய், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வேலை வேண்டாம் என்று பதில் போட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன்.

"ஃபார்வர்ட் பண்ணா சிலது ஸ்பாம்ல போயிடுமாம்க்கா. அங்க பாத்தியா?"

"பாத்தேன்டி. ஒண்ணும் வரல."

தினமும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனாள். உப்பு அரித்த காலோடு வருவாள், எண்ணெய் தடவிவிடுவேன். அந்த நாட்கள் நன்றாக இருந்தன, சார்.

அவளோடு படித்த ஹுமாதான் கெடுத்தாள். அதே டில்லி ஆஸ்பத்திரி வேலையிலிருந்து லீவில் வந்தவள் எங்கள் வாசலில் நின்று, "கல்யாணம்னு நீயே வேலைய வேணாம்னுட்டியாமே. மாப்பிள்ளை யாரு?" என்று கேட்டாள்.

மேரிசெல்வி என் பக்கம் திரும்பினாள். "நீயாக்கா?"

மறுநாள் காலையில் டில்லிக்கே நேரில் போய்க் கேட்பதாகப் பையோடு கிளம்பினாள். சென்னை பஸ் நிற்கும் இடம் வரைக்கும் பின்னாலேயே போனேன்.

"போகாதடி. நான் செத்துடுவேன்."

"நீ சாவ மாட்டக்கா. என்னைத்தான் சாவடிக்கிற."

படியில் ஏறினாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் தவறி விழுந்ததாக அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். பாவம், அவர் பார்க்கவில்லை. பஸ் நகரட்டும் என்று காத்திருந்துதான் பையைப் பிடித்து இழுத்தேன். பின்சக்கரம் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும்.

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். இனி நடக்க முடியாதாம். எழுதி முடித்துவிட்டீர்களென்றால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அவளை எப்போது வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், சார். என்னை விட்டால் அவளைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?