நாக்கில் ஒட்டிய கல்

மேடையில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அண்ணனின் இந்த இரங்கல் கூட்டத்தில் பேச எனக்குத் தகுதி இல்லை. மேடை ஏறுகிறவர்கள் எல்லாம் சொல்லும் அவையடக்கம் இல்லை இது. அருங்காட்சியகத்தில் கற்கள் பிரிவுக்குப் பொறுப்பாளன் நான். நம் பஞ்சர் கடை அண்ணனுக்குக் 'கல்நக்கி' என்று பெயர் வைத்தவன் நான்தான்.

உங்களில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அன்பாகத்தான் கூப்பிட்டீர்கள், தெரியும். நான் வைத்தபோது அதில் அன்பு இல்லை.

லாரியின் இரட்டை டயர்களுக்கு நடுவே சிக்கும் கல்லை நெம்பி எடுப்பது பஞ்சர் கடையில் தினசரி வேலை. எடுத்ததை எல்லோரும் தூர எறிவார்கள். அண்ணன் கழுவிப் பார்த்தார்! எந்தக் குவாரியிலிருந்து வந்த லோடு என்று ஓட்டுநரிடம் கேட்டு, கல்லின் அடியில் மஞ்சள் பெயின்டால் எழுதினார். பிஸ்கட் டின்களில் சேர்த்து வைத்தார். யார் சொல்லிக்கொடுத்தது அவருக்கு? ஒருவரும் இல்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கல்லோடு என் அறைக்கு வந்தார்.

"சார், இது எலும்பு மாதிரி தெரியுது."

"எங்க கிடைச்சுது?"

"டயர்ல."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நாக்குல வெச்சுப் பாருங்க சார். ஒட்டுது. மத்த கல்லு ஒட்டல."

கல்லாகிப்போன எலும்பில் நுண்துளைகள் இருக்கும். அவை ஈரத்தை இழுப்பதால் நாக்கில் ஒட்டும். எங்கள் துறையில் இது முதல் வருடப் பாடம். எனக்குத் தெரியாதா? தெரியும். டயர் அழுக்கோடு வந்த கல்லை அத்தனை பேர் முன்னால் வாயில் வைப்பது கௌரவக் குறைச்சலாகப்பட்டது. 'சாதாரணக் கல்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். "நேரம் கிடைக்கறப்ப ஒருதடவை பாருங்க சார்" என்று கல்லை வைத்துவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அந்தப் பெயரைச் சொன்னேன். நரம்பில்லாத நாக்கு அல்லவா? அது கல்லைத் தொடக் கூசியது, மனிதனைச் சொல்லக் கூசவில்லை.

அந்தக் கல் ஒன்பது வருடம் என் அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தது.

போன வருடம் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் அதில் இடறினார். எடுத்தார். நாக்கில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு கடலில் நீந்திய பெரிய விலங்கு ஒன்றின் முதுகெலும்பில் ஒரு கணு அது.

கடைக்கு ஓடினேன். அண்ணன் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மீதி அங்க இருக்கா சார்?"

முதுகெலும்புக் கணு ஒற்றையாகக் கிடக்காது, இல்லையா? குவாரியின் பெயர் கல்லின் அடியிலேயே இருந்தது. நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நாள் அங்கே போனேன். அந்தப் பக்கத்துப் பாறை முழுதும் ஜல்லியாகி வருடக்கணக்காகிவிட்டது. இன்று நாம் வந்த சாலையில் எந்த வளைவுக்கு அடியில் கிடக்கிறதோ?

திரும்பி வந்து, "இல்லண்ணே" என்றேன். அவரை அண்ணன் என்று நான் கூப்பிட்டது அன்றுதான்.

"பரவால்ல சார். இது ஒண்ணாவது வந்துச்சே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று அவர் மகள் போன் செய்தார். "அப்பாவைப் புகழ நிறைய பேர் இருக்காங்க சார். நீங்க நடந்ததைச் சொல்லுங்க." சொல்லிவிட்டேன், அம்மா. வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் விட்டுச்சென்ற டின்கள் இருபத்தாறு. மகள் அவற்றை என்னிடமே ஒப்படைத்திருக்கிறார். ஒவ்வொரு கல்லையும் கழுவி, நாக்கில் வைத்துப் பார்த்து வருகிறேன். நான்காவது டின்னில் இருக்கிறேன். இதுவரை ஒன்றும் ஒட்டவில்லை. இருபத்தாறும் முடியும்வரை நிறுத்தமாட்டேன். அலுவலகத்தில் இப்போது என்னைக் கல்நக்கி என்கிறார்களாம். அந்தப் பெயருக்கும் எனக்குத் தகுதி இல்லை.

ஓட்டுநர் தோழர்களே, இனி டயரில் கல் சிக்கினால் எறியாதீர்கள். எந்தக் குவாரி என்று எழுதி எடுத்து வாருங்கள். காலை பத்து மணிக்கு என் அறைக் கதவு திறந்திருக்கும். முட்டுக்கொடுக்க அங்கே இப்போது கல் இல்லை. நானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.