சின்னக் கண் சல்லடை

உச்சி வெயில். பேரிகை ரோட்டில் ஈ காக்கை இல்லை...

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது நல்ல பகலில் வந்தது. பயப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து ரூமுக்குப் போகலாம். வழியெல்லாம் கரண்ட் இல்லை, அவ்வளவுதான். போகவில்லையா? சரி, நெருங்கி உட்காருங்கள்.

நம் இலியாஸின் மச்சான் அப்பாஸுக்கு நடந்தது. ஓசூர் பட்டறையில் வேலை. ரோட்டை வெட்டாமல் பூமிக்கடியில் குறுக்கே துளை போட்டு கேஸ் குழாய் பதிக்கிறார்களே, அந்த மிஷினுக்குச் சல்லடை செய்கிற பட்டறை. துளைக்குள் களிமண் கரைசலை அனுப்புவார்கள். அது உள்ளே அரைபட்ட மண்ணைச் சுமந்துகொண்டு மேலே வரும். ஷேக்கர் என்று ஓர் ஆடும் மேடை, அதன்மேல் சல்லடை. மண் மேலே நிற்கும். கரைசல் கீழே தொட்டியில் இறங்கி மறுபடி துளைக்குள் போகும். கண் சின்னதானால் அடைத்துக்கொண்டு வழியும். பெரிதானால் பொடி மண்ணும் கூடவே கீழே போய்விடும். எந்த மண்ணுக்கு எந்தக் கண் என்று பார்த்து மாட்டுவதுதான் அப்பாஸின் வேலை.

அன்றைக்குக் காலையிலிருந்தே பேரிகை ரோடு சைட்டின் சூப்பர்வைசர் நவீன்குமார் போன் மேல் போன். சல்லடை அடைத்து வழிகிறதாம். வேலை நின்றால் துளை போடும் ராடு பூமிக்குள் சிக்கிக்கொள்ளும், பழி அப்பாஸ் தலையில் விழும் என்றார். அப்பாஸ் பட்டறை வேனில் சல்லடைகளைப் போட்டுக்கொண்டு ஓடினான்.

போய்ச் சேர்ந்தால் ஆட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். ஷேக்கர் நின்றிருந்தது. சத்தமே இல்லை... அப்பாஸ் பழைய சல்லடையின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

ஒரு வாசனை. கரைசல் வாசனை அவனுக்குப் பழக்கம், இது வேறு. ரொம்ப நாள் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்தால் வருமே... அது.

நிமிர்ந்தான். ஷேக்கருக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மாள். ஒதுக்கிய மண் குவியலைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள். நகக்கண்ணெல்லாம் மண்.

"அதை ஏன் தம்பி கழட்டற?"

அடைக்கிறதம்மா, பெரிய கண் மாட்டப்போகிறேன் என்றான்.

"வேண்டாம் சாமி. இன்னும் சின்னக் கண்ணாப் போடு. பெருசுன்னா எம் புள்ள கீழ போயிருவான்."

வெயிலில் புத்தி கலங்கியவள் என்று நினைத்தான். பாவமாகவும் இருந்தது. பிள்ளைக்கு என்ன வயது என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தான்.

"சின்னவந்தான்..." அவள் மண்ணை விரலிடுக்கில் உதிர்த்துப் பார்த்தாள். "இப்ப இன்னும் சின்னதாயிட்டான்."

வேனில் பொடிக் கண் சல்லடையும் ஒன்று கிடந்தது. அதை மாட்டியிருக்கலாம். அப்பாஸ் ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தான். அதற்குள் நவீன்குமார் போன். பெரிய கண்ணையே வைத்து முடுக்கினான். நிமிர்ந்தால் அவள் இல்லை. வெட்டவெளி... ஒளிய ஒரு புதர்கூடக் கிடையாது.

ஆட்கள் வந்து பம்பைப் போட்டார்கள். ஷேக்கர் தடதடவென்று ஆடியது. முதல் வீச்சில் அப்பாஸின் சட்டை முழுக்கச் சேறு தெறித்தது. ஆனால் வழியவில்லை, சரியான கண். நவீன்குமாருக்கு வாயெல்லாம் பல். அப்பாஸ் குனிந்து அடியில் பார்த்தான்.

சல்லடைக்குக் கீழே... இரண்டு கைகள் ஏந்தியிருந்தன. விரலிடுக்கில் கரைசல் ஒழுகிக்கொண்டே இருந்தது.

நிலத்துக்காரர் முனிவேலைத் தேடிப் போய்ச் சொன்னான். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் வராத போர்வெல் குழி ஒன்று முன்பு அங்கே திறந்து கிடந்ததாம். பூவம்மாள் என்பவளின் பிள்ளை, அப்போதுதான் நடை பழகியவன், அதில் விழுந்துவிட்டான். எடுக்க முடியாமல் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். பூவம்மாள் அந்த இடத்தைக் கையாலேயே தோண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த கோடையில் அங்கேயே செத்துக் கிடந்தாள்.

வீட்டுக்கு வந்த அப்பாஸ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தான். தூக்கமில்லை. அந்தப் பொடிக் கண்ணை மாட்டித் தொலைத்திருக்கலாமே என்று மனசு அறுத்தது.

மறுநாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து திரும்பியபோது, அவன் மனைவி நிகத் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"மத்தியானம் ஒரு அம்மா வந்தாங்க. உங்க சட்டையை அலசின தண்ணிய எங்க ஊத்துனேன்னு கேட்டாங்க."

நீ என்ன சொன்னாய் என்றான்.

"கொல்லையிலன்னு காட்டுனேன். மாவு சலிக்கிற சல்லடை கேட்டாங்க, குடுத்தேன். இன்னும் திருப்பித் தரல."

கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டது. சர்... சர்... நிதானமாக, மண் சலிக்கிற சத்தம். அப்பாஸ் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தான். சத்தம் நின்றது.

கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக, உள்ளங்கையால்... அவன் முழங்கால் உயரத்தில்.