நீலத் துவக்கு

முதன்முதலாகத் துவக்கு வாங்குகிற ஆள் விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. நான் அப்படித்தான் வாங்கினேன்.

பிள்ளை ஜதுர்ஷிகா, பிரியந்தனின் வழக்கறிஞராக நேற்று என் வீட்டுக்கு வந்து நீங்கள் கேட்டது ஒரு பக்கக் கடிதம்தான். முன்னாள் போராளி என்ற முறையில் அவனைப் பற்றி உண்மையை எழுதித் தாருங்கள், வியாழக்கிழமை அவனைக் கொழும்புக்கு விமானம் ஏற்றப் போகிறார்கள், அதற்கு முன் நீதிபதியின் கையில் அது இருக்க வேண்டும் என்றீர்கள். எழுத உட்கார்ந்தால் துவக்கில்தான் தொடங்க வருகிறது.

லண்டன் மோர்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்துகிற வசந்தமலர் ரீச்சர் போன ஒக்டோபரில் என்னை அழைத்தார். மாவீரர் நாளுக்குப் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள், அதற்கு ஒரு துவக்கு வேண்டும்.

"ஆனந்தன் அண்ணை, உங்களுக்குத்தான் உதுகள் தெரியும். பாத்து ஒண்டு வாங்கித் தாங்கோ. நூற்றிருபது பவுண்ட்ஸுக்கு மேல மட்டும் போகாதேங்கோ."

மூன்று கிழமை கணினியே கதியென்று கிடந்தேன். பிளாஸ்டிக் குண்டு சுடுகிற விளையாட்டுத் துவக்குகள்தான், ஆனால் இராணுவத் துவக்கு அச்சொட்டாக அப்படியே. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. இரும்பு உடலும் மரப்பிடியும் வேண்டுமென்றால் முந்நூறுக்குக் குறையாது. மலிவானவை பளிச்சென்ற நீலத்தில் வருகின்றன. நிஜத் துவக்கென்று யாரும் பயந்துவிடாதிருக்க இந்த நாட்டுச் சட்டம் அப்படி. பாரம், நீளம், பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று எல்லாம் கொப்பியில் எழுதி ஒப்பிட்டேன். கடைசியில் அமெரிக்கப் படங்களில் வருவது போன்ற ஒன்றை வாங்கி, தோட்டத்து ஷெட்டில் வைத்துக் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். அதுவும் குற்றமாம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று பிரியந்தன் வந்திருந்தான். கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறையில் மனைவி கோசிகாவோடு இருக்கிறவன். மேடைப் பலகைகளை ஏற்ற உதவி கேட்டிருந்தேன். அவன் கதை எனக்குத் தெரியும். பதினேழு வயதில் இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. ஏழு மாதத்தில் துவக்கைக் கடலேரியில் எறிந்துவிட்டு ஓடினான். அதற்குப் பிறகு துவக்கைத் தொட்டதில்லை என்று குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதி நேர்முகத்திலும் சொன்னான். அது உண்மைதான். என் தோட்டத்துக்கு வரும்வரை உண்மைதான்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமே என்று நான் துவக்கைத் தோளில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அண்ணை, எங்கட ஆக்கள் கூடுதலாப் பாவிச்சது உது இல்லை. பரவாயில்லை, ஆருக்கும் தெரியாது. ஆனா பிடிக்கிறது உப்பிடி இல்லை. சனத்துக்கு முன்னால நீங்கள் வெக்கப்படக் கூடாது, தாங்கோ."

வாங்கித் தோளில் வைத்துக் காட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன், யோசியாதேங்கோ" என்று சிரித்தான். நிற்கிற மாதிரியைப் பிறகு பார்த்துப் பழகலாம் என்று சொல்லி, அந்தச் சிரிப்போடு அவனைக் கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். அப்போது என் மனதில் வேறொன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் இயக்கத்தில் இருந்ததே இல்லை. ஆனையிறவில் சண்டை நடந்தபோது நான் ஜெர்மனியில் ஸ்ருட்காட்டில் ஓர் உணவகத்தில் பீங்கான் கழுவிக்கொண்டிருந்தேன். காலில் இருக்கும் தழும்பு கொதி எண்ணெய் ஊற்றுப்பட்டது. லண்டனுக்கு வந்த புதிதில் ஒருவர், "காயமோ அண்ணை?" என்று மரியாதையாகக் கேட்டார். ஓம் என்றேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு வருடாவருடம் பொன்னாடையே கிடைத்தது. பதினாறு வருடமாக எங்கள் மண்டபத்தில் மாவீரர் நாளுக்குப் பொதுச்சுடர் ஏற்றுகிறவன் நான்தான்.

போன நவம்பரிலும் ஏற்றினேன். பிரியந்தனுக்கு முன்னால் அதைப் பிடித்துக் காட்ட மனம் வராமல், துவக்கு வந்து சேரவில்லை என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் மரத்தில் செய்த ஒன்றோடு நடித்தார்கள். பிரியந்தன் மூன்றாம் வரிசையில் நின்றான். கேலியாகப் பார்த்திருந்தால் பொறுத்திருப்பேன். பாவம் பார்த்தான். வீட்டுக்கு வந்தும் சாப்பிட முடியவில்லை. அந்தப் பார்வை இனி ஒவ்வொரு நவம்பரும் வரும் என்றுதான் யோசித்தேன்.

மேசையில் இருந்த பெட்டியும் பெயின்ற் தகரமும் தெரியாமல் படத்தை வெட்டினேன். கறுப்புத் துவக்கும் சிரிக்கிற மனிதனும் மட்டும் மிஞ்சினார்கள். ஆயுதம் சேர்க்கிறான் என்று ஒரு வரி எழுதி, அவன் பெயரும் விலாசமும் போட்டு, என் பெயர் போடாமல் பொலிசுக்கும் குரோய்டன் அலுவலகத்துக்கும் அனுப்பினேன். விடிய ஆறு மணிக்குக் கதவைத் திறந்தது கோசிகாவாம். ஐந்து மாதக் கர்ப்பிணி. அறையில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் துவக்கே தொடாதவன் துவக்கோடு சிரித்தால் அவன் சொன்ன மற்றதை யார் நம்புவார்கள்?

அது நாடகத் துவக்கு, ஆனந்தன் அண்ணையைக் கேளுங்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். என்னிடம் வந்து கேட்டார்கள். மரியாதையான அதிகாரிகள், தேநீர் கொடுத்தேன். அப்படியொரு துவக்கை நான் கண்டதே இல்லை என்றேன். படம் அனுப்பியதை விட எனக்கு வெட்கமாக இருப்பது அந்தத் தேநீர்தான்.

நேற்று நீங்கள் அவன் சொன்னதை எனக்குச் சொன்னீர்கள்: "அண்ணை பயந்திட்டார். நேர போய்க் கேட்டா உண்மையைச் சொல்லுவார்." அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான். நான் யார் என்பதை உங்களுக்குக்கூட அவன் சொல்லவில்லை. நீங்கள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனபோது எனக்கு அது தெரிந்தது. அதன் பிறகு நான் படுக்கவில்லை.

துவக்கு ஷெட்டில் பழைய கார்பெட்டுக்குக் கீழே இருக்கிறது. வெட்டாத படம் கைபேசியில் இருக்கிறது. படத்தை எடுத்தவனும் வெட்டியவனும் அனுப்பியவனும் நான், நித்தியானந்தன். எந்த நீதிபதிக்கு முன்னாலும் வந்து சொல்கிறேன். கோசிகாவின் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

ஒன்றே ஒன்று, பிள்ளை. தட்டச்சு செய்யும்போது ஸ்ருட்காட் பந்தியை மட்டும் விட்டுவிடுங்கள். நாளைக்கு மோர்டனிலும் ரூட்டிங்கிலும் என்னைத் துரோகி என்பார்கள், சொல்லட்டும். துரோகி என்றால் ஒரு காலத்தில் இயக்கத்தில் இருந்தவன் என்றாவது நினைப்பார்கள்.